ராஜ்தூத் 350 ஸ்விங் ஆர்ம்: நைலானா, கன்மெட்டலா, நீடில் பேரிங்கா?

பழைய ராஜ்தூத் 350-ஐ வளைவில் சாய்க்கும்போது பின்பக்கம் மட்டும் தனியாக ஆடினால், பெரும்பாலும் ஸ்விங் ஆர்ம் புஷ்தான் காரணம். ஸ்விங் ஆர்ம் என்பது பின்சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கை; அது ஃபிரேமோடு சேரும் இடத்தில் உள்ள உருளை உறைதான் புஷ். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஆர்மின் முனையை இடவலமாக ஆட்டிப் பாருங்கள். சக்கரத்தோடு ஆட்டினால் வீல் பேரிங் தேய்மானமும் சேர்ந்துகொண்டு குழப்பும்.

நைலான் புஷ் மலிவு, மாட்டுவதும் சுலபம். ஆனால் இது யமஹா ஆர்டி350 வழி வந்த ட்வின் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். முறுக்கி ஓட்டினால் செயின் இழுப்பில் நைலான் ஒரு பக்கமாக அமுங்கிவிடும்.

நீடில் பேரிங் (ஊசிபோன்ற மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங்) கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஸ்விங் ஆர்ம் முழுச் சுற்று சுற்றுவதில்லை, சில டிகிரி ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். ஊசிகள் ஒரே இடத்தில் குத்திக் குத்தி ஸ்லீவில் (உள்ளே போல்ட் போகும் குழாய்) தழும்பு விழும். சீல் சரியில்லாமல் தண்ணீர் புகுந்தால் துரு வேறு. நண்பர் ஒருவர் போட்டிருக்கிறார், இதுவரை பிரச்சினையில்லை. நாலைந்து மழைக்காலம் போகட்டும், அப்புறம் பேசலாம்.

நான் போட்டது கன்மெட்டல், அதாவது ஒரு வகை வெண்கலம். லேத் பட்டறையில் கடைந்து வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பிரஸ்ஸில் ஏற்றியதும் புஷ்ஷின் உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும். ஏற்றிய பிறகு இரண்டு பக்கத்தையும் நீளமான ரீமரால் (துளையைச் சரியான அளவுக்குச் செதுக்கும் கருவி) ஒரே ஓட்டத்தில் ரீமிங் செய்யச் சொல்லுங்கள், அப்போதுதான் இரண்டும் ஒரே கோட்டில் நிற்கும். ஸ்லீவ் இரண்டு முனையிலும் புஷ்ஷைவிட ஒரு மயிரிழை வெளியே நீட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் போல்ட்டை முறுக்கியதும் ஆர்ம் இறுகிப்போகும். தேய்ந்த ஸ்லீவைத் திரும்பப் போட்டால் புது புஷ் வீண்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கிரீஸ். கன்மெட்டல் காய்ந்து ஓடினால் புஷ்ஷும் தேயும், ஸ்லீவும் தேயும். அதனால் புஷ்ஷின் உள்ளே கிரீஸ் காடி வெட்டச் சொல்லுங்கள். கிரீஸ் ஏற்றும் நிப்பிளிலிருந்து அந்தக் காடிவரை வழி திறந்திருக்கிறதா என்று மாட்டுவதற்கு முன்பே கிரீஸ் கன்னை வைத்து அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும், கறுத்த பழைய கிரீஸ் வெளியேறி இரண்டு ஓரத்திலும் புது கிரீஸின் நிறம் தெரியும்வரை அடிக்கிறேன். ஆட்டம் திரும்பவில்லை.

கிரீஸ் கன்னைத் தொடவே மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெதுவாக ஓட்டுவேன் என்றால், சரி, நைலானே போதும்.