இஞ்சி பீருக்கு எது சரி: பாக்கெட் ஈஸ்ட்டா, இஞ்சி உறையா?

முதலில் ஆசைப்பட்டது அசல் பீருக்குத்தான். பார்லி மால்ட், ஹாப்ஸ் என்று படித்துக்கொண்டே போனபோது இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். வீட்டில் மது தயாரிப்பது தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இன்னொன்று வெக்கை. ஏல் வகை பீர் ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியில்தான் ஒழுங்காக வேலை செய்யும். சித்திரை மாதம் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான மண்டபத்தில் எங்கள் அடுப்படியில் ராத்திரி பத்து மணிக்கும் 31 டிகிரி இருக்கிறது. அதனால் பீரை விட்டுவிட்டு இஞ்சி பீருக்கு வந்தேன். இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர். நுரை கட்டியதும் குளிரவைத்து நிறுத்திவிட வேண்டியதுதான்.

நுரை கட்ட எதைப் போடுவது என்பதில்தான் இரண்டு கட்சி. ஒன்று, பேக்கரிச் சாமான் கடையில் கிடைக்கும் உலர் ஈஸ்ட். மற்றது, இஞ்சியையும் சர்க்கரையையும் தண்ணீரில் போட்டு நாமே வளர்க்கும் உறை. தயிருக்கு உறை மோர் எப்படியோ அப்படி. மார்ச்சிலிருந்து ஜூன் வரை ஒன்பது தடவை ஈஸ்ட்டிலும் ஐந்து தடவை உறையிலும் போட்டுப் பார்த்தேன். இப்போது நான் ஈஸ்ட் பக்கம். ஏன் என்று சொல்கிறேன்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. தண்ணீர் இரண்டுக்கும் கேன் தண்ணீர்தான். எங்கள் போர் தண்ணீரின் உப்பு இஞ்சியின் காரத்தையே மாற்றிவிடுகிறது. பாட்டில் இரண்டுக்கும் பிளாஸ்டிக் சோடா பாட்டில்தான். கண்ணாடியில் அடைக்கவே அடைக்காதீர்கள். வெடித்தால் சில்லு பறக்கும்.

ருசியில் உறைதான் ஜெயிக்கிறது. அதை மறைக்க மாட்டேன். இங்கிலாந்தில் இஞ்சி பீர் போடப் பயன்பட்ட உறைக்கட்டிகளை ஹாரி மார்ஷல் வார்டு என்ற தாவரவியலாளர் ஆராய்ந்து 1892இல் எழுதினார். ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ஒன்றையொன்று அண்டி வாழும் கூட்டு அது என்று கண்டார். நாம் வளர்க்கும் உறை அதே கட்டி இல்லை. ஆனால் இதிலும் ஈஸ்ட்டோடு புளிப்பேற்றும் பாக்டீரியா சேர்ந்தே வளர்கிறது. அந்த மெல்லிய புளிப்பு பாக்கெட் ஈஸ்ட்டில் வராது. பாக்கெட்டில் பன் வாசனை கொஞ்சம் எட்டிப் பார்க்கும். ஈஸ்ட்டைக் குறைத்துப் போட்டு, ஒரு நாள் முழுக்கக் குளிரவைத்து, அடியில் படிந்த வண்டலைக் கலக்காமல் ஊற்றினால் அது பெரும்பாலும் போய்விடுகிறது.

தங்கச்சிமடத்தில் இருக்கும் மதினி உறைக் கட்சி. "கடையில வாங்குன பொடியப் போட்டா அதுல என்ன ருசி இருக்கும்? இஞ்சியே பொங்கும் தாயி, பொறுத்துப் பாரு" என்றார். பொங்கத்தான் செய்தது. தோல் சீவாத இஞ்சித் துருவல் ஒரு ஸ்பூன், சர்க்கரை ஒரு ஸ்பூன், தினமும். குளிர் ஊர்களில் ஒரு வாரம் ஆகும் என்பார்கள். எனக்கு மூன்றாம் நாளே குமிழி விட்டது. இந்தக் கரையில் அது ஆச்சரியமில்லை. சாயல்குடிப் பக்கம் பனையேறிகள் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் பதநீர் இறக்குகிறார்கள். தடவாவிட்டால் பாளையில் வடிவது இறக்குவதற்குள்ளேயே கள்ளாக மாறத் தொடங்கிவிடும். நம் காற்றிலும் பனையிலும் அவ்வளவு ஈஸ்ட் இருக்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது ருசியில்லை. பாட்டிலை எத்தனை மணிக்கு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்ற ஒரே கேள்விதான்.

கணக்கு இது. ஒரு லிட்டரில் 4 கிராம் சர்க்கரை நொதித்தால், திரவத்தின் அளவுக்குச் சமமாக ஒரு பங்கு கரியமில வாயு உண்டாகும். கடை சோடாவில் இருப்பது ஏறக்குறைய 4 பங்கு. நாம் போடுவதோ லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை. அத்தனையும் மூடிய பாட்டிலுக்குள் நொதித்தால் 25 பங்கு! எந்த சோடா பாட்டிலும் தாங்காது. அதாவது, 12 கிராம் நொதித்து 3 பங்கு வாயு சேர்ந்த நேரத்தில் நாம் பிடித்துக் குளிரில் வைத்தாக வேண்டும். குளிர் ஊரில் அந்த நேரம் ஒரு நாள் நீளம். இங்கே சில மணி நேரம்தான். அதைத் தவறவிடாமல் இருக்க, போட்ட பொருளின் வேகம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

உறையின் வேகம் ஒரு நாளைப் போல இன்னொரு நாள் இல்லை. ஊட்டம் போட்டு நாலைந்து மணி நேரத்தில் எடுத்தால் ஒரு பலம். மறுநாள் காலை பசியோடு கிடக்கும்போது எடுத்தால் வேறு பலம். ஒரே அளவு உறை ஊற்றியும் ஒரு தடவை 40 மணி நேரம் ஆனது, இன்னொரு தடவை 14 மணி நேரத்திலேயே முடிந்தது. அந்த 14 மணி நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். காலையில் பாட்டிலின் அடி உப்பி, தரையில் நிற்கவே இல்லை. முற்றத்துக்குக் கொண்டுபோய், துணி சுற்றி, மூடியை நூல் நூலாகத் திருகித்தான் காற்றை விட்டேன். கை நடுங்கியது.

ஈஸ்ட்டில் அப்படி இல்லை. இரண்டு லிட்டருக்கு அரைக்கால் ஸ்பூன், அவ்வளவுதான். ஒன்பது தடவையும் 13இலிருந்து 16 மணி நேரத்துக்குள் பாட்டில் கல் போல இறுகியது. சாயங்காலம் ஆறு மணிக்கு அடைத்தால் காலை ஏழு மணிக்கு விரலால் அழுத்திப் பார்ப்பேன். புது சோடா பாட்டில் போல விறைப்பாக இருந்தால் உள்ளே வைத்துவிட்டு பஸ் ஏறுவேன். இன்னும் கொஞ்சம் அமுங்கினால் வீட்டில் அம்மா ஒன்பது மணிக்குப் பார்ப்பார். வேலைக்குப் போகிறவளுக்கு இதுதான் ஒத்துவரும்.

வளர்ப்பு வேலையும் இதே இடத்தில்தான் வந்து சேர்கிறது. தினமும் தவறாமல் ஊட்டினால் உறை ஓரளவு ஒரே பலத்தில் நிற்கும். ஒரு கல்யாணத்துக்காக நாலு நாள் மதுரையில் தங்கிவிட்டு வந்தபோது மேலே பூசணம் படர்ந்திருந்தது, மொத்தத்தையும் கொட்டினேன். ஃபிரிட்ஜில் வைத்தால் வாரம் ஒரு ஊட்டம் போதும். ஆனால் அதை எழுப்ப மறுபடி இரண்டு நாள் வெளியே வைத்து ஊட்ட வேண்டும்.

ஈஸ்ட்டுக்கும் ஒரு பகை உண்டு, கடல் காற்று. பிரித்த பாக்கெட்டை கிளிப் போட்டு அலமாரியில் வைத்தேன். ஒரு மாதத்தில் செத்துவிட்டது. இப்போது இறுக்கமான சின்ன டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறேன். போடுமுன் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் பார்ப்பேன். நுரை வராவிட்டால் அந்த ஈஸ்ட் வேண்டாம்.

என் அளவு: தண்ணீர் 2 லிட்டர், சர்க்கரை 200 கிராம், துருவிய இஞ்சி 60 கிராம், எலுமிச்சை இரண்டு. பாதித் தண்ணீரில் இஞ்சியும் சர்க்கரையும் கொதிக்கவைத்து, மீதியை ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறியபின் வடிகட்டி, எலுமிச்சையும் ஈஸ்ட்டும். பாட்டிலின் கழுத்தில் இரண்டு அங்குலம் இடம் விடுங்கள். ஃபிரிட்ஜிலும் நொதிப்பது மெதுவாக நடக்கும். ஒரு வாரத்துக்குள் குடித்துவிட வேண்டும். கரண்ட் நீண்ட நேரம் போனால் மூடியை லேசாகத் திறந்து காற்றை விடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நுரைக்காக லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரை நொதிக்கும்போதே முக்கால் சதவீதத்தை ஒட்டி ஆல்கஹால் உண்டாகிறது. ஈஸ்ட் ஆனாலும் உறை ஆனாலும் இதில் மாற்றமில்லை. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நான் கொடுப்பதில்லை. மதுவைத் தொடாத அண்டை வீட்டாருக்குச் சொல்லாமல் கொடுப்பது பெரிய தப்பு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இதெல்லாம் எப்படி மாறும் என்பதற்கு என்னிடம் அனுபவம் இல்லை. நான் சொன்ன மணிக்கணக்கு கோடைக்கு மட்டும்தான். கருப்பட்டியில் ஒரு தடவைதான் போட்டேன், ஈஸ்ட்டில். இரண்டு மணி நேரம் முன்னதாகவே இறுகியது, அடியில் வண்டல் அதிகம், நிறம் நன்றாக இருந்தது. ஒரு தடவையை வைத்து அளவு சொல்வது சரியில்லை.

பகலெல்லாம் வீட்டில் இருக்கிறவர்களுக்கு உறை பொருந்தும். மதினியின் உறை மூன்று மாதமாக உயிரோடு இருக்கிறது. அவர் காலையில் கோழிக்குத் தீனி போடும் கையோடு அதற்கும் போட்டுவிடுகிறார், பாட்டிலை மணிக்கொரு தரம் தொட்டுப் பார்க்கிறார். "நீயும் ஒரு கரண்டி கொண்டு போ" என்று போன ஞாயிறும் சொன்னார். "நான் ஏழரைக்கு பஸ் ஏறணும் மதினி, குடிக்க மட்டும் ஒரு பாட்டில் குடுங்க" என்று வாங்கி வந்தேன்.