உப்பா சீனியா, தண்ணியில எது நல்லா கரையும்?

வாலிநோக்கம் பக்கம் உப்பளத்த பாத்தே வளந்ததால உப்புதான் ஜெயிக்கும்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தேன், கணக்கு அப்படியே தலைகீழா இருக்கு. 20 டிகிரி சூட்டுல 100 கிராம் தண்ணியில உப்பு சுமார் 36 கிராம்தான் கரையும், சீனி 200 கிராம் வரைக்கும் போகும்.

உப்புல சோடியம் பிளஸ், குளோரைடு மைனஸ், தண்ணி மூலக்கூறுலயும் ஒரு பக்கம் லேசா பிளஸ் இன்னொரு பக்கம் மைனஸ் இருக்கறதால அது சுத்தி நின்னு ரெண்டையும் பிரிச்சு இழுத்துட்டுப் போயிடும். சீனியில அந்த மாதிரி சார்ஜே கிடையாது, ஆனா ஒரு மூலக்கூறுல 8 ஓஹெச் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேந்த) கை இருக்கு, எல்லாம் தண்ணியோட கோத்துக்கும். சார்ஜ் இருந்தா மட்டும் போதாதுங்க, கடல் தண்ணியில இருந்து படியுற ஜிப்சம்ங்கற தாதுல கால்சியமும் சல்பேட்டும் ரெட்டை சார்ஜோட ஒண்ணையொண்ணு கெட்டியா புடிச்சிருக்கு, அதனால கொஞ்சமாதான் கரையும், அதான் உப்பளப் பாத்தியில உப்புக்கு முன்னாடியே அது படிஞ்சிடுது.

பெரிய வித்தியாசம் சூட்டுலதான். கொதிக்கிற தண்ணியில சீனி 480 கிராமுக்கு மேல கரையும், உப்பு சுமார் 39 கிராமோட நின்னுடும் (சீக்கிரமா கரையும், அது வேற விஷயம்). அதனாலதான் பதநீரை நல்லா காய்ச்சி ஆறவிட்டு வச்சா நாளாக ஆக பனங்கற்கண்டு கட்டுது, உப்புத் தண்ணிய ஆறவச்சு ஒண்ணும் ஆகாது, வெயில்ல தண்ணி வத்தியே தீரணும்.

சர்பத்துக்கு சீனிய மட்டும் வெந்நியில கரைங்க, உப்புக்கு பச்சத்தண்ணியே போதும்.