ஆப்பிரிக்கா வேலைக்கு போறவங்களுக்கான சேலம் க்ளாஸ் – அங்க போயிட்டு வந்து எழுதுற ரிவ்யூ

சேலம் அஞ்சு ரோடு பக்கத்துல ஒரு மாடியில, ஆப்பிரிக்கா போறவங்களுக்குன்னே, தான்சானியா, கென்யால பேசுற சுவாஹிலி பாஷையும் அந்த ஊர் பழக்கவழக்கமும் சொல்லித் தர்ற க்ளாஸ் ஒண்ணு நடக்குதுங்க. போர்டு கூட பெருசா இருக்காது. சங்ககிரி, திருச்செங்கோடு பக்கமிருந்து போர்வெல் போடுற வண்டி வேலைக்கு போற ஆளுங்கதான் முக்காவாசி. நான் இங்க படிச்சிட்டு தான்சானியா போயி, தோதோமா பக்கம் ரிக்குல, அதாவது போர்வெல் துளை போடுற மெஷின்ல, சூப்பர்வைசரா இருந்துட்டு இப்ப லீவுல வந்திருக்கேன், அதனால எது உதவுச்சு எது உதவலன்னு நேராவே சொல்றேன்.

சொல்லித் தர்றவர் அங்கயே ரொம்ப வருஷம் டிரில்லரா இருந்து திரும்புனவர், எல்லாருக்கும் அண்ணன். முதல் க்ளாஸ் முழுக்க வணக்கம் சொல்றது மட்டும்தான். காசு குடுத்து இதுக்கா வந்தோம்னு பக்கத்துல ஒரு தம்பி முணுமுணுத்தாப்ல, ஆனா அங்க போனா அதுதாங்க முதல் வேலையே. வயசுல சின்னவங்க மூத்தவங்கள பார்த்தா 'ஷிகமோ'ன்னு சொல்லணும், அவங்க 'மரஹாபா'ன்னு சொல்வாங்க. பதவி எல்லாம் பார்க்குறதில்ல, வயசுதான். எங்க சைட் வாட்ச்மேன் வயசானவர், தினமும் அவருக்கு ஷிகமோ சொல்லிட்டுதான் கேட்டுக்குள்ள போவேன், கொஞ்ச நாள்ல அவரே அக்கம்பக்கத்து ஜனங்க கிட்ட இவங்க நல்ல பசங்கன்னு எங்களுக்காக பேச ஆரம்பிச்சிட்டாரு. வணக்கத்தோட முடியாது, வீட்ல எப்படி, வேலை எப்படி, தூங்கி எழுந்தது எப்படின்னு வரிசையா கேப்பாங்க, எல்லாத்துக்கும் பொறுமையா பதில் சொல்லி திருப்பியும் கேட்டாதான் மத்த பேச்சு. குடுத்த கைய பேசி முடிக்கிற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க, வெடுக்குன்னு இழுக்காதீங்கன்னு அண்ணன் நடிச்சே காட்டுவாரு.

அடுத்தது மணிக்கணக்கு, இதுக்கே குடுத்த ஃபீஸ் சரியா போச்சுன்னு சொல்வேன். பூமத்திய ரேகை பக்கம்ங்கறதால அங்க வருஷம் பூரா ஏறக்குறைய காலைல 6 மணி வாக்குல விடிஞ்சிடும், அதனால சுவாஹிலில மணி விடியல்ல இருந்துதான் ஓடும். நம்ம 7 மணி அவங்களுக்கு 1 மணி. டீசல் வண்டி 2 மணிக்கு வரும்னு டிரைவர் சுவாஹிலில சொன்னா காலைல 8 மணிக்கு வந்து நிக்கும், அதையே இங்கிலீஷ்ல சொன்னா பெரும்பாலும் நம்ம கணக்குதான். எந்த பாஷைல சொன்னாங்கன்னு பார்த்துக்கோன்னு அண்ணன் படிச்சு படிச்சு சொன்னாரு, கம்ப்ரஸர நிறுத்தி வச்சுட்டு வெட்டியா காத்துக்கிடக்குற நிலைமை எங்க டீமுக்கு வரவே இல்ல.

கிராமத்துக்கு ரிக்க ஏத்திட்டு போனா நேரா துளை போடுற பாயிண்ட்டுக்கு போகக்கூடாது, முதல்ல கிராம ஆபீஸ் போயி வந்தவங்க நோட்டுல பேரு எழுதி கையெழுத்து போட்டு தலைவர பார்த்துட்டுதான் மிச்சமெல்லாம். யார் வீட்டு வாசலுக்கு போனாலும் 'ஹோடி'ன்னு குரல் குடுத்து, உள்ள இருந்து 'கரிபு' வந்தப்புறம்தான் காலடி வைக்கணும். இதையும் நல்லா சொல்லித் தர்றாங்க. ஊறுகாய் பொடி எல்லாம் பிளாஸ்டிக் கேரி பேக்ல கட்டாதீங்க, தான்சானியால 2019 ஜூன் 1ல இருந்து தடை, கென்யால 2017லயே தடைன்னு பெட்டி கட்டுற விஷயம் வரைக்கும் வந்துடுது.

விட்டுப்போனது கல்யாண வசூல். அங்க கல்யாணத்துக்கு பல மாசம் முன்னாடியே கமிட்டி போட்டு, சொந்தக்காரங்க, கூட வேலை பார்க்குறவங்க எல்லாருக்கும் கார்டு குடுத்து பணம் சேர்ப்பாங்க, ஒருத்தருக்கு இவ்வளவு ஜோடிக்கு இவ்வளவுன்னு. நம்ம ஊர்ல கல்யாணத்தன்னைக்கு மொய் எழுதுறோம், அங்க முன்னாடியே வாங்கி அதுலதான் கல்யாணமே நடக்குது. புதுசா வர்ற நம்ம பசங்க நம்ம கிட்ட காசு பிடுங்குறாங்கன்னு நினைச்சு மூஞ்சிய திருப்பிக்கிறாங்க, எனக்கு அத பார்க்க அவ்ளோ வருத்தமா இருந்துச்சு. கார்டு குடுத்தா நம்மளையும் அவங்கள்ல ஒருத்தரா சேர்த்துக்கிட்டாங்கன்னுதாங்க அர்த்தம், முடிஞ்சத குடுத்துட்டு சந்தோஷமா போயி சாப்பிடணும்.

பெரிய குறை, ஆப்பிரிக்கான்னு பேர் வச்சுட்டு தான்சானியாவும் கென்யாவும்தான் நடத்துறாங்க. 54 நாடு இருக்குங்க. எங்க பேட்ச்ல ஏற்காட்டு காப்பி எஸ்டேட்ல வேலை பார்த்த தம்பி எத்தியோப்பியா போனான், அவனுக்கு அரை மணி நேரம் கூட ஒதுக்கல. அங்கயும் மணி விடியல்ல இருந்துதான், போதாததுக்கு காலண்டர்ல 13 மாசம், புது வருஷம் செப்டம்பர் 11, சில வருஷம் 12. காப்பிக்கு கூப்பிட்டா பச்சைக் கொட்டைய நம்ம கண்ணு முன்னாடியே வறுத்து இடிச்சு மண் கூஜால கொதிக்க வச்சு மூணு சுத்து ஊத்துவாங்க, முதல் சுத்துலயே எழுந்து கிளம்புறது மரியாதை இல்ல. அந்த ஊர்க்காரங்க நம்ம வாயில ஊட்டி விட்டா அது அன்புன்னு வாங்கிக்கணும். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க புதன், வெள்ளி விரதம்ங்கறதால கறி, முட்டை, பால் இல்லாத சாப்பாடு அன்னைக்கு நிறைய இடத்துல கிடைக்கும், சைவக்காரங்களுக்கு எவ்வளவு நிம்மதியான விஷயம்! எல்லாம் அவன் போயி தெரிஞ்சுக்கிட்டு எனக்கு போன்ல சொன்னது. நைஜீரியா போறவங்க கதையும் இதேதான், அங்க இருக்குற இக்போ இனத்துக்காரங்க வீட்ல விருந்தாளிக்கு கோலா கொட்டை உடைச்சு குடுக்குறது, யோருபா இனத்து பசங்க பெரியவங்க முன்னாடி விழுந்து கும்பிடுறது பத்தி ஒரு வார்த்தை இல்ல. நாட்டுக்கு நாடு பேட்ச் பிரிக்கச் சொல்லி அண்ணன் கிட்டயே கேட்டேன், எத்தியோப்பியால இருந்து திரும்புன ஆள் கிடைச்சா கண்டிப்பா நடத்துறேன்னாரு.

தான்சானியா, கென்யா போறவங்களுக்கு 5க்கு 4.5 தருவேன், மத்தவங்களுக்கு 2தான். ஃபீஸ் 3,500. ஞாயித்துக்கிழமை காலை பேட்ச்ல சேருங்க, சாயங்கால பேட்ச்ல கூட்டம் ஜாஸ்தி, சந்தேகம் கேக்க நேரம் கிடைக்காது. கீழ பைக் மட்டும்தான் நிறுத்தலாம்.