சைக்கிள் ஓவராயில்: தெருமுனைக் கடையா, ஷோரூமா, வீட்டுத் திண்ணையா?

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தேங்கிய தண்ணீரில் ஓடிய சைக்கிள், மழை ஓய்ந்ததும் தன் நிலைமையைச் சொல்லிவிடும். மிதித்தால் கரகரக்கும், முன்சக்கரம் லேசாக ஆடும், செயின் துருவேறிச் சிவந்திருக்கும். எண்ணெய் விட்டால் இரண்டு நாள் சத்தம் அடங்கும், அவ்வளவுதான். அக்கக்காகக் கழற்றி, கழுவி, பால்ஸ் எனும் எஃகுக் குண்டுகளை மாற்றி, கிரீஸ் வைத்து மறுபடி பூட்டினால்தான் வண்டி சரியாகும். அந்த ஓவராயிலை எங்கே செய்வது? தெருமுனைக் கடை, கம்பெனி ஷோரூம், வீட்டில் நாமே என்று மூன்று வழி இருக்கிறது. முழு வண்டியையும் ஒரே இடத்தில் ஒப்படைப்பதைவிட வேலையைப் பிரித்துக்கொள்வதே நல்லது என்பேன்.

முதலில் சாதாரணக் கருப்பு வண்டியை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய காலத்து ஹெர்குலிஸ் ஆனாலும், இன்றைய ஹீரோ ஆனாலும் உள்ளே இருப்பது பால்ஸ் ஓடும் கிண்ணமான அதே கப், அவற்றை உள்ளிருந்து அணைக்கும் கூம்பான கோன், பால்ஸ், பெடல் தண்டான கிராங்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின்தான். இந்தச் சாமான்கள் கிடைக்காத ஊர் இல்லை. அதனால் இந்த வண்டிக்கு ஷோரூமைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை. போட்டி கடைக்கும் வீட்டுக்கும் இடையில்தான்.

கடையை மிஞ்ச முடியாத இடம் சக்கரம். முன்னால் 32, பின்னால் 40 ஸ்போக்ஸ் கம்பி. பெண்டு எடுக்கிறவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று கண்ணால் பார்த்தே கம்பி முனையில் இருக்கும் நிப்பிள் நட்டைக் கால் சுற்று, அரைச் சுற்று திருப்புவார். ஒரு கம்பியை இழுத்தால் எதிர்ப்பக்கத்துக் கம்பியைத் தளர்த்த வேண்டுமா, வேண்டாமா என்பது அவர் கைக்குத் தெரியும். வீட்டில் முயன்றால் பக்கவாட்டு ஆட்டம் சரியாகும், ரிம் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். காட்டர் பின்னும் அப்படித்தான். துருப்பிடித்து இறுகிய பின்னைச் சுத்தியலால் கண்டபடி அடித்தால் தலை மழுங்கி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்து ஒரே அடியில் எடுப்பது பழக்கத்தில் வருவது. பின்சக்கரத்துப் பல்சக்கரமான ப்ரீவீலைக் கழற்றவும் அதற்கான டூலும் வைஸும் வேண்டும்.

ஆனால் கழுவுவதில் கடை தோற்றுவிடும். குறை மெக்கானிக்கிடம் இல்லை, நாம் கொடுக்கும் கூலியில்தான் இருக்கிறது. வாசலில் பஞ்சருக்கு நாலு பேர் நிற்கும்போது ஒவ்வொரு கப்பையும் பளபளக்கத் துடைக்க யாருக்கு நேரம் இருக்கும்? பழைய கிரீஸின்மேல் புது கிரீஸ் வைத்து மூடினால், உள்ளே இருக்கும் மண்ணும் சேர்ந்தே சுற்றும். பழைய பால்ஸோடு நாலைந்து புதியதைக் கலந்து போடும் வழக்கமும் உண்டு. தேய்ந்தவை சிறிதாகியிருப்பதால் பாரம் முழுவதும் அந்தப் புதியவைமேல் இறங்கும். கடையிலேயே செய்வதானால், "அண்ணே, பால்ஸ் முழு செட்டும் புதுசாப் போடுங்க, கப்பைத் துடைச்சதும் ஒரு தடவை காட்டுங்க" என்று முன்கூட்டியே சொல்லி, அதற்கான கூலியையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது நியாயம்.

கப், கோன், பால்ஸ் சேர்ந்த பேரிங் வேலையை வீட்டில் செய்யச் சொல்வது இதனால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கப் போய்விடும், ஆனால் இந்த வேலைக்குக் கைத்திறனைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். பொதுவாக முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் பக்கத்துக்கு 10 வீதம் 3/16 அங்குல பால்ஸ். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9, கிராங்க் அச்சில் பக்கத்துக்கு 11, இவை இரண்டும் 1/4 அங்குலம். வண்டிக்கு வண்டி மாறலாம், எனவே கழற்றும்போதே எண்ணிக் கிண்ணத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய் இப்போது லேசில் கிடைப்பதில்லை, டீசல் போதும். பெட்ரோல் வேண்டாம், தீ ஆபத்து.

கப்பையும் கோனையும் துடைத்த பிறகு, பால்ஸ் ஓடிய தடத்தில் பால்பாயிண்ட் பேனாவின் முனையை மெல்ல ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் உழைக்கும். முனை எங்காவது தட்டினால் அங்கே குழி விழுந்திருக்கிறது. கோனில் குழி என்றால் புதுக் கோன் வாங்கிவிடலாம், விலை சொற்பம். கப்பில் என்றால் கடைக்குத்தான் போக வேண்டும். பூட்டும்போது கோனை இறுக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி, வால்வைப் பக்கவாட்டில் நிறுத்திவிட்டுக் கையை எடுங்கள். வால்வின் எடைக்கே சக்கரம் தானாகச் சுற்றி, முன்னும் பின்னும் ஊசலாடி, வால்வு அடிப்பக்கம் வந்து நிற்க வேண்டும். அதே சமயம் ரிம்மைப் பிடித்து ஆட்டினால் கடகடப்பு இருக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றாக அமையும்வரை கோனைத் தளர்த்தி இறுக்கிப் பார்க்கும் பொறுமை, சொந்த வண்டி என்றால்தான் வரும்.

வீட்டில் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது மரை. இடது பெடலும், கிராங்க் அச்சின் வலப்பக்கக் கப்பும் எதிர்மரை, அதாவது எதிர்த்திசையில் திருப்பினால்தான் கழலும். வழக்கமான திசையில் பலம் கொடுத்தால் இன்னும் இறுகும். வலப்பக்கக் கப்பைக் கழற்றாமல் இருந்த இடத்திலேயே துடைத்துவிடுவது உத்தமம். ப்ரீவீலையும் பிரிக்காதீர்கள். உள்ளே பொடிப்பொடியான பால்ஸும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. டீசலில் அலசிக் காயவைத்து, எண்ணெய் விட்டால் போதும்.

செயினுக்கு ஸ்கேல் ஒன்று போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 24 கண்ணி தள்ளி இருக்கும் பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். 1/16 அங்குலம் தள்ளிப்போனால் புதுச் செயின். 1/8 தள்ளிப்போயிருந்தால் ப்ரீவீலின் பல்லும் தேய்ந்திருக்கும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கியர் வண்டி வந்தால் கணக்கு மாறுகிறது. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இருந்தால் ஷோரூமுக்கோ, கியர் வண்டி பார்க்கும் நல்ல மெக்கானிக்கிடமோதான் போக வேண்டும். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில், வேறு சிலவற்றுக்கு டாட் என்ற வேறு வகைப் பிரேக் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டுவிடும். மூடி அடைத்த சீல்டு பேரிங் போட்ட ஹப்பிலும் கிரீஸ் வைக்க வேலை இல்லை, பேரிங்கையே அழுத்தி எடுத்துப் புதியது போடுவார்கள். கிராங்கை இழுத்து எடுக்கப் புல்லர் என்ற டூல் வேண்டும், சுத்தியல் கூடாது.

ஆனால் ஷோரூமில் "சர்வீஸ்" என்று சொல்வது பல நேரம் தண்ணீர்ச் சர்வீஸ், கியர் ட்யூனிங், பிரேக் அட்ஜஸ்ட்மெண்டோடு முடிந்துவிடும். ஹப்பைத் திறப்பீர்களா என்று வண்டியை விடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கியர் வண்டி என்றாலே சீல்டு பேரிங் என்றும் நினைக்க வேண்டாம். ஷிமானோ ஹப்புகள் பெரும்பாலும் கப்-கோன் வகைதான். மெல்லிசான கோன் ஸ்பேனர் இருந்தால் அவற்றையும் திண்ணையிலேயே பிரித்துவிடலாம்.

எங்கே பூட்டினாலும், புதுக் காட்டர் பின் போட்டிருந்தால் ஒரு வாரம் ஓட்டிவிட்டு அந்த நட்டை மறுபடி இறுக்குங்கள். அந்தக் காட்டர் பின் முதல் சில நாளில் உள்ளே உட்கார்ந்து தளரும். தளர்ந்ததோடு மிதித்துக்கொண்டே இருந்தால் கிராங்கின் துளை பெரிதாகி, கிராங்கையே மாற்ற வேண்டி வரும்.