நீர்வண்ணமா, நாணலா? பிலிப்பைன்ஸ் கலையின் இரு வழிகள்

1972இல் அதிபர் மார்க்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்த பின் மணிலா ஓவியர்கள் பலர் தொழிலாளர் பக்கம் திரும்பினார்கள். 1976இல் உருவான கைசஹான் என்ற ஓவியர் குழுவின் அந்திபாஸ் டெலோதாவோ 1978இல் வரைந்த நீர்வண்ண ஓவியத்தில், கூனிய முதியவர் ஒருவர் கோகோ-கோலா விளம்பரத்தைக் கடந்து போகிறார். எழுத்தின் வால் கத்திபோல அவர் நெஞ்சில் பாய்கிறது. உரைகாரர் தேவையில்லை. இந்த வழியில் சுவரொட்டி வாடை அடிக்கும் ஆபத்து உண்டு. ஓங்கிய முஷ்டி எதுவும் இல்லாததால் இந்த ஓவியம் தப்பித்தது.

மலைநகரான பாகியோவில் இயங்கிய ராபர்ட்டோ வில்லநுவேவா, 1989இல் மணிலா பண்பாட்டு மையத் திடலில் ரூனோ நாணலால் சுருள்பாதை எழுப்பினார். நடுவில் தப்-அய்: வடக்கே உள்ள கோர்டில்லெரா மலைப்பகுதியின் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசும் கல் வட்டம். நாணல் மட்கிப்போகும், போகட்டும் என்பதுதான் திட்டமே. ஆகவே அருங்காட்சியகத்துக்கு மிஞ்சுவது புகைப்படம். மேலிருந்து எடுத்த படத்தில் சுருள் தெரியும், இருபுறமும் நாணல் நெருக்குவது தெரியாது. மலைச்சடங்கு சமவெளிக்காரருக்கு வேடிக்கையாகிவிடும் சிக்கலும் இங்கே இருக்கிறது.

புதிதாகப் பார்ப்பவர் டெலோதாவோவில் தொடங்கலாம். வில்லநுவேவாவுக்கு முன் தப்-அய் பற்றிக் கொஞ்சம் படித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அழகான வேலி மட்டுமே கண்ணில் படும்.