இழுப்பறைக்குள் ஓர் இரங்கல் கடிதம்: பிரிட்டிஷ் ஏலங்களில் கேட்பவர்களுக்கு எச்சரிக்கை

பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் காலத்து மஹோகனி எழுத்து மேசை. அதன் இழுப்பறையில், முதல் உலகப் போரில் இறந்த சிப்பாயின் தாய்க்கு வந்த இரங்கல் கடிதம். இரண்டும் சேர்த்து ஒரே லாட், அதாவது ஒன்றாக ஏலம் விடும் தொகுதி. பிரிட்டனில் நடக்கும் ஏலங்களில், படத்தை மட்டும் பார்த்து இணையம் வழியே கேட்பவர்கள் ஏமாறுவது இந்த மாதிரி லாட்டில்தான். கடிதத்தைப் படித்தவுடன் மனம் இளகிவிடுகிறது, மேசையைக் கவிழ்த்துப் பார்க்கத் தோன்றுவதில்லை. 1916-இல் வந்த கடிதம் 1780-இல் செய்த மேசைக்குச் சாட்சி ஆகாது. மேசை அந்த வீட்டில்தான் இருந்தது என்றுகூட அது நிரூபிக்காது. இழுப்பறைக்குள் யார் வேண்டுமானாலும் எதையும் வைக்கலாம்.

முதலில் கடிதம். "மன்னர் கையெழுத்திட்டது" என்று ஏலப் பட்டியலில் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் பெயரில் பக்கிங்ஹாம் அரண்மனை முகவரித் தலைப்போடு வந்த கடிதம் அச்சிட்ட நகல். இறந்தவரின் குடும்பத்துக்கு அனுப்பிய வெண்கல நினைவுத் தட்டோடு சேர்ந்து வந்தது. கையெழுத்தும் அச்சுதான். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், பேனா வளையும் இடத்தில் மை தேங்கியிருக்காது. கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் கருமை கூடாது. கடிதம் அசலாகவே இருக்கலாம், விவரிப்புதான் பொய். கூடவே தட்டும் இருந்தால் அளந்து பாருங்கள்: விட்டம் ஏறக்குறைய 120 மில்லிமீட்டர். அசலை அச்சாக வைத்து வார்த்த போலி, உலோகம் சுருங்குவதால் சற்றுச் சிறிதாக வரும். பெயர் புடைப்பெழுத்தில் இருக்க வேண்டும், பதவி இருக்காது. பெயர் குழியாகச் செதுக்கப்பட்டிருந்தால், வேறொருவரின் பெயரைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இறந்துபோன ஒரு பையனின் பெயரை அழித்து லாபம் பார்ப்பதை எந்த விதத்திலும் மன்னிக்க முடியாது.

மரணச் செய்தி வந்த வழியையும் பாருங்கள். அதிகாரிகளின் குடும்பத்துக்குத் தந்தி போனது. சாதாரணச் சிப்பாய் இறந்தால் ஆர்மி ஃபார்ம் பி.104-82 என்ற அச்சுப் படிவம் தபாலில் வந்தது. சிப்பாயின் பெயரில் போர் அலுவலகத் தந்தி ஒன்று லாட்டோடு வரும் ஆவணக் கோப்பில் இருந்தால் கேள்வி கேளுங்கள். போர் அமைச்சர் கிச்சனர் பெயரிட்ட இரங்கல் சீட்டு, 1917-இல் இறந்தவரின் கோப்பில் இருந்தாலும் அப்படியே. கிச்சனர் 1916 ஜூன் 5 அன்றே கடலில் இறந்துவிட்டார்.

சிப்பாயின் கம்பெனி (படைப்பிரிவு) அதிகாரியோ படைப் பாதிரியாரோ கையால் எழுதிய கடிதங்களுக்குத்தான் விலை அதிகம், போலியும் அங்கேதான். "உடனே உயிர் பிரிந்தது, வேதனைப்படவில்லை" என்ற வரியைப் பார்த்துச் சந்தேகப்படாதீர்கள். உண்மையான கடிதங்களிலும் அது ஓயாமல் வரும், தாயைத் தேற்ற எழுதியது. பார்க்க வேண்டியது தாளை. 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கில் தாள் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால், அதில் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் இருக்கிறது. அது தாள் தயாரிப்பில் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. அடுத்து மடிப்பு. தாளை மடித்து எழுதுவதில்லை, எழுதித்தான் மடிக்கிறோம். மடிப்பில் உடைந்த நாருக்குள் மை பரவியிருந்தால், ஏற்கெனவே மடிந்து கிடந்த பழைய வெற்றுத் தாளில் பிறகு எழுதியது அது. பழையதாகக் காட்டத் தேநீரில் நனைத்த தாள் இரு பக்கமும் ஒரே பழுப்பாக இருக்கும். உண்மையான பழுப்பு விளிம்பிலும், வெளியே தெரிந்த மடிப்புப் பகுதியிலும்தான் கூடுதல்.

பிறகு பெயர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இறந்த தேதியைப் பாருங்கள். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 95 வரிசையில் அந்தப் பட்டாலியனின் போர் நாட்குறிப்பு இருக்கும். கையெழுத்திட்ட அதிகாரி அந்த வாரம் அங்கே இருந்தாரா என்று தேடலாம். சிப்பாயின் பணிப்பதிவு கிடைக்கவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். 1940 குண்டுவீச்சுத் தீயில் பாதிக்கு மேல் எரிந்துபோயின.

மேசைக்கு வருவோம். பட்டியலில் "மூன்றாம் ஜார்ஜ்" என்பதும் "மூன்றாம் ஜார்ஜ் பாணி" என்பதும் ஒன்றல்ல. அந்த ஒரு சொல்லில் ஏல நிறுவனம் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்ளும். இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து, இந்தப் படங்களைக் கேளுங்கள்: அடிப்பலகை, பக்கப்பலகையின் கீழ் விளிம்பு, கைப்பிடிக்குப் பின்னால் உள்ள உட்பக்கம், மேசையின் பின்பலகை. பலகையில் வளைவளைவான ரம்பத் தடம் இருந்தால் அது வட்ட ரம்பம், பதினெட்டாம் நூற்றாண்டு மேசைக்குப் பொருந்தாது. கீலில் உள்ள திருகாணி ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் இன்னும் நல்லது. நுனி கூர்மையாக இருந்தால் 1840-களுக்குப் பிந்தையது. அசல் மொட்டை நுனியாக இருக்கும். ஒரு திருகாணி மட்டும் மாறியிருந்தால் பழுதுபார்த்தது என்று விடலாம், எல்லாமே கூர்மை என்றால் விட முடியாது. உட்பக்கத்தில் பழைய கைப்பிடித் துளைகள் இருந்து, முகப்பில் அவற்றின் தடமே இல்லையென்றால் மேலே புது வெனீர் (மெல்லிய மரத் தகடு) ஒட்டியிருக்கிறார்கள். வண்டுத் துளை வட்டமாக இருக்க வேண்டும். நீளவாக்கில் திறந்த கால்வாயாகத் தெரிந்தால், அரித்த பழைய மரத்தை வாங்கி அறுத்துச் செய்தது. உட்புறம் முழுக்க ஒரே பழுப்பில் சாயம் பூசியிருந்தால் வாங்காதீர்கள். அந்தக் காலத் தச்சர்கள் உள்ளே பெரும்பாலும் வெறும் மரமாகவே விட்டார்கள்.

பணக் கணக்கு தனி. 1,000 பவுண்டுக்குச் சுத்தியல் விழுந்து ஏலம் முடிந்து, வாங்குபவர் கட்டணம் 25 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) 20 சதவீதம் என்றால் 1,300 பவுண்டு. இணையத் தளக் கட்டணமும் அனுப்பும் செலவும் இதில் சேரவில்லை. நேரில் வந்து கேட்க வாய்ப்புள்ள பொது ஏலத்தில் பழைய பொருள் வாங்கினால், 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் வழக்கமான பாதுகாப்பு கிடைக்காது. பெரும்பாலும் மிஞ்சுவது நிறுவனத்தின் விதிமுறையில் "வேண்டுமென்றே செய்த போலி" என்ற பிரிவும் அதற்கான காலக்கெடுவும்தான்; கேட்கும் முன் அதைப் படியுங்கள். பிரிட்டனுக்கு வெளியே எடுத்துச் செல்வதானால், 50 ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்து ஆவணத்துக்கு விலை எவ்வளவு குறைவானாலும் ஏற்றுமதி உரிமம் தேவை. சாவித்துளைத் தகடு தந்தமாக இருந்தால் 2018 தந்தச் சட்டப்படி மேசையைப் பதிவு செய்யாமல் விற்கவே கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டு, சந்தேகம் வந்திருந்தால் எதையும் துடைக்கவோ, மெழுகு பூசவோ, கடிதத்தை ஒட்டவோ வேண்டாம். வந்த பொட்டலம், பட்டியல் பக்கம், பொருளின் நிலை பற்றி ஏல நிறுவனம் அனுப்பிய அறிக்கை மின்னஞ்சல் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். கெடு முடியும் முன் எழுத்தில் புகார் அனுப்பி, கடிதத்தை ஆவணப் பராமரிப்பாளர் ஒருவரிடமும் மேசையை ஏலத்தோடு தொடர்பில்லாத ஒரு மரவேலைச் சீரமைப்பாளரிடமும் தனித்தனியாகக் காட்டுங்கள்.