வடக்கா, தென்மேற்கா? இங்கிலாந்தில் பாழடைந்த மடங்களும் கடல் சூழும் கோட்டையும்

16-ஆம் நூற்றாண்டில் மன்னர் எட்டாம் ஹென்றி இழுத்து மூடிய பழைய துறவி மடங்களைக் காரில் பார்த்துக்கொண்டே போய், கடல் ஏறினால் தீவாகிவிடும் ஒரு கோட்டையில் பயணத்தை முடிக்க இங்கிலாந்தில் இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. ஒன்று யார்க்‌ஷயரில் தொடங்கி வடக்கே லிண்டிஸ்பார்ன் வரை, இன்னொன்று கிளாஸ்டன்பரியில் தொடங்கி கார்ன்வாலில் உள்ள செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட் வரை.

இடிபாடுகளுக்காகத்தான் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், வடக்குதான். 1132-இல் தொடங்கிய ஃபவுண்டன்ஸ் மடத்துக்கே அரை நாள் போய்விடும். தேவாலயத்துக்குக் கூரை போய்விட்டது, ஆனால் அதை ஒட்டிய 90 மீட்டர் நீளக் கிடங்கு கல் வளைவுக் கூரையோடு அப்படியே நிற்கிறது, உள்ளே நடந்தால் தூண் வரிசை முடிவதாகவே தெரியாது. அதே ஆண்டில் தொடங்கிய ரீவோ மடமும் அதிக தூரமில்லை. கிளாஸ்டன்பரியில் மிச்சம் குறைவு. 1184-இல் மடம் எரிந்தது, 1191-இல் ஆர்தர் மன்னரின் கல்லறை கிடைத்துவிட்டதாகத் துறவிகள் அறிவித்தார்கள், மடத்தைத் திரும்பக் கட்டப் பணம் தேவைப்பட்ட நேரம், நன்றாகத்தான் பொருந்துகிறது! மடாதிபதியின் சமையல்கட்டு மட்டும் முழுசாக இருக்கிறது, சாப்பாட்டு விஷயத்தில் ஹென்றிக்கே கை வரவில்லை போல.

கோட்டைக்குள் பார்க்க நிறைய இருப்பது மவுண்டில்தான். மடமாக இருந்து கோட்டையாகி, 17-ஆம் நூற்றாண்டிலிருந்து செயின்ட் ஆபின் குடும்பத்தின் வீடாக இருக்கிறது. லிண்டிஸ்பார்ன் கோட்டை சிறியது, டெல்லியில் ராஷ்டிரபதி பவனை வடிவமைத்த அதே லட்யன்ஸ் அதை விடுமுறை வீடாக மாற்றினார். ஆனால் 793-இல் கடல் கொள்ளையர்களான வைக்கிங்குகள் தாக்கிய மடம் இருந்த தீவு இது, பின்னால் எழுந்த மடத்தையும் ஹென்றி காலத்தில் மூடியபோது, அதன் கற்களைப் பெயர்த்துத்தான் கோட்டையைக் கட்டினார்கள். இரண்டையும் நடந்தே பார்த்துவிடலாம். என் ஓட்டு இதற்குத்தான்.

சரி, கடல் விஷயம். மவுண்டில் காரை மராசயனில் விட்டுவிட்டுக் கல் பாதையில் நடக்க வேண்டும், தண்ணீர் ஏறிவிட்டால் சீசனில் படகு இருக்கிறது. லிண்டிஸ்பார்னில் காரே கடல் பாதையில் போகும், நாளுக்கு இரண்டு தடவை அது மூழ்கும். மாட்டிக்கொண்டவர்கள் ஏறி உட்கார வழியில் உயரமான கால்கள் மேல் ஒரு சின்னக் குடில் வைத்திருக்கிறார்கள், அப்படியும் வருஷா வருஷம் கார்கள் மூழ்குகின்றன. கவுன்ட்டி கவுன்சில் பாதுகாப்பான நேரங்களை வெளியிடுகிறது. அது தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், அதைப் பார்த்துவிட்டு அப்புறம் ஹோட்டல் தேதியைப் போடுங்கள்.